தலைமுடியும் சாதியின் கண்ணும்



இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு அழைத்தபோது, தலித் இலக்கியத்தின் இன்றைய போக்குகள் பற்றிப் பேசுங்கள் என்று சொன்னார்கள். நான் முடியைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “எதனுடைய முடிவைப் பற்றிக்கா?” என்று கேட்டார் நம் பொறுப்பாளர். முடிவு இல்லை தம்பி, முடி. தலைமுடி.

வாத்தியாரைப் பார்த்தவர்களுக்கு ஆச்சரியம் இருக்காது. சீப்புக்கு அடங்காத சுருட்டை முடி அவருக்கு. பதவி உயர்வு வந்த அன்று ஒரு அதிகாரி, “இனிமேலாவது தலையை ஒழுங்கா வைங்க” என்றாராம். முப்பது வருடம் பாடம் நடத்திய மனிதரிடம் சொல்ல அவருக்குக் கிடைத்தது அதுதான். வாத்தியார் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் பத்து தடவையாவது சொல்லியிருப்பார்.

என் குடும்பத்தின் மூன்று தலைகளைப் பற்றிச் சொல்கிறேன். முதல் தலை என் அப்பாவுடையது. திருவள்ளூரைத் தாண்டிய ஒரு கிராமத்தில் பிறந்தவர். ஊர்த்தெருவில் ஒரு சலூன் இருந்தது. காலனிக்காரர்களுக்கு அங்கே வேலை இல்லை. மாமன் ஒருவர் புங்கமரத்தடியில் உட்காரவைத்து வெட்டிவிடுவார். திருமழிசை தொழிற்பேட்டையில் வேலை கிடைத்து இங்கே வந்த பிறகு, முதல் சம்பளத்தில் பூந்தமல்லிக்குப் போய் ஒரு சலூனில் நுழைந்திருக்கிறார். சுழல் நாற்காலியில் உட்கார்ந்தவர், கடைக்காரர் துணியைப் போர்த்த வந்ததும் சட்டென்று எழுந்து நின்றுவிட்டாராம். “உக்காருங்க சார்” என்று அவர் சொன்னதை அப்பா சாகும்வரை மறக்கவில்லை. சாதி தெரியாத ஊரில், காசு கொடுத்து வெட்டிக்கொண்ட கிராப்பு. நகரம் என்றால் அவருக்கு அதுதான்.

ஒன்றை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் கிராமத்து முடி திருத்துபவரை மட்டும் குற்றவாளியாக்கிவிட்டுப் போவது நியாயமில்லை. அவரும் ஊருக்கு அடிமை வேலை செய்தவர்தான். நமக்கு வெட்டினால் ஆதிக்கச் சாதிக்காரர் ஒருவரும் அவர் கடைக்கு வரமாட்டார்கள், அவர் வயிறு காயும். அண்ணல் அம்பேத்கர் இதை அறிந்திருந்தார். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில், கடைகளுக்குள் நுழையும் உரிமை பற்றிய விவாதத்தில், கடை என்பது பொருள் விற்கும் இடம் மட்டுமல்ல, கேட்டு வருபவருக்குச் சேவை தர ஒருவர் தயாராக இருக்கும் எந்த இடமும் கடைதான் என்று விளக்கினார். இன்று அரசமைப்பின் 15ஆவது பிரிவில் இருக்கிற ‘கடை’ என்ற சொல்லுக்குள் என் அப்பாவின் சுழல் நாற்காலியும் இருக்கிறது.

இரண்டாவது தலை என்னுடையது. சுருட்டை, அடர்த்தி, எண்ணெய் வைத்தாலும் மதியத்துக்குள் எழுந்து நிற்கும். பள்ளியில் என் பெயர் பரட்டை. 1977இல் வந்த ‘16 வயதினிலே’ படத்தில் ரஜினிகாந்த் ஏற்ற பாத்திரத்தின் பெயர் அது. ஊரில் வம்பு வளர்க்கிறவன். நான் பள்ளிக்குப் போன காலத்திலும் அந்தப் பெயர் உயிரோடிருந்தது. அம்மா காலையில் இரண்டு கை தேங்காயெண்ணெயை வைத்து அழுத்தி, கண் இழுபடுகிற அளவுக்கு இரட்டைச் சடை போடுவார். அப்படியும் ஒரு ஆசிரியை, “நாளைக்காவது குளிச்சிட்டு வா” என்றார். நான் குளித்துவிட்டுத்தான் போயிருந்தேன். அழுக்கு, சோம்பல், அடங்காமை மூன்றையும் என் தலையில் அவரால் ஒரே பார்வையில் படிக்க முடிந்தது.

அந்தப் பார்வைக்கு ஒரு வரலாறு உண்டு. முதுகலை படிக்கும்போதுதான் அது கண்ணில் பட்டது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், சாதிவாரியாக மனிதர்களை நிறுத்தி மூக்கையும் மண்டையையும் அளந்தார், முடி நேரா சுருளா என்று குறித்தார். 1909இல் ஏழு தொகுதிகளாக அது வெளிவந்தது. அவர் மாணவர்களுக்கு மட்டுமல்ல, போலீஸ்காரர்களுக்கும் இந்த அளவெடுப்பைப் பாடமாக நடத்தியிருக்கிறார். குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு 1911இல் வந்தது. உடலைப் பார்த்தே ஆளின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை அருங்காட்சியகத்திலிருந்து காவல் நிலையத்துக்கு அதிக தூரம் நடக்க வேண்டியிருக்கவில்லை. அதே அளவெடுப்பு வகையைச் சேர்ந்த மூக்குக் கணக்குகளை எடுத்துத்தான் அண்ணல் 1948இல் ‘தீண்டப்படாதார்’ நூலில், பார்ப்பனரும் தீண்டப்படாதாரும் வேறு வேறு இனம் என்ற கதையை உடைத்தார். அளந்தவர்களின் எண்ணை வைத்தே அவர்களுக்குப் பதில் சொன்னார்.

மூன்றாவது தலை என் அண்ணன் மகனுடையது. பதினொன்றாம் வகுப்பு. பக்கவாட்டில் ஒட்ட வெட்டி, மேலே விட்டு, காதுக்கு மேல் ஒரு கோடு. ஒரு திங்கட்கிழமை காலை வணக்கக் கூட்டத்தில் பன்னிரண்டு பையன்களை வரிசையில் நிறுத்தி, கத்தரிக்கோலால் தாறுமாறாக வெட்டி, ‘மீதியைக் கடையில் போய்ச் சரிசெய்துகொள்’ என்று அனுப்பிவிட்டார்கள். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அந்தப் பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் எங்கள் தெருவும் பக்கத்துத் தெருவும்.

நான் சண்டைக்குப் போனேன் என்றுதான் நினைப்பீர்கள். போகவில்லை. ‘இனி ஒழுங்காக முடிவெட்டி அனுப்புகிறோம்’ என்று எழுதியிருந்த தாளில், அண்ணன் வேலைக்குப் போயிருந்ததால், நான்தான் கையெழுத்துப் போட்டேன். அதற்கு ஒரு மாதம் முன்பே, “போலீஸ்காரன் ரோட்ல நிறுத்துவான்டா, வெட்டிட்டு வா” என்று அவனிடம் சொன்னவளும் நான்தான். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது, “இன்னா அத்த, நீயும் அவங்க மாதிரியே பாக்குற” என்றான். மேடைகளில் இருபது வருடமாகப் பேசுகிறேன். அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

‘புள்ளிங்கோ’ என்ற சொல் நம் பிள்ளைகள் தங்களைத் தாங்களே செல்லமாக அழைத்துக்கொண்ட சொல். சில வருடங்களில் அது நையாண்டியாகி, பிறகு கிட்டத்தட்ட போலீஸ் அடையாளமாகிவிட்டது. ‘புள்ளிங்கோ கட்டிங்’ வெட்டிய மாணவர்களுக்குப் பள்ளிக்கே முடி திருத்துபவரை வரவழைத்து வெட்டிய செய்திகள் நாளிதழ்களில் பாராட்டோடு வந்தன. அதே பக்கவாட்டு வெட்டைக் கிரிக்கெட் வீரர் வெட்டினால் ஸ்டைல். ஈசிஆர் சாலைப் பள்ளிக்கூடப் பையன் வெட்டினால் தனித்துவம். மண்ணிவாக்கத்திலோ வெள்ளவேட்டிலோ ஒரு காலனிப் பையன் வெட்டினால் ரவுடி.

ஒரு எதிர்க்கேள்வி நியாயமாக வரும். கறுப்பின மக்களின் சுருள்முடி பிறப்பில் வருவது, உங்கள் பையனின் கோடு காசு கொடுத்து வாங்கியது, இரண்டும் ஒன்றா? ஒன்றல்ல. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியில் முடிக்குள் பென்சிலைச் செருகி, அது கீழே விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்து ஒருவரின் இனத்தைத் தீர்மானித்தார்கள். அந்தக் கொடுமையோடு பள்ளிக் கத்தரியைச் சமமாக வைக்க நான் வரவில்லை. ஆனால் முடியைப் பார்த்து ஆளை முடிவுசெய்கிற கண் ஒன்றுதான். 2016இல் பிரிட்டோரியா மகளிர் உயர்நிலைப் பள்ளியில் கறுப்பின மாணவிகள் போராடினார்கள். முன்னால் நின்ற ஜுலைக்கா படேலுக்கு வயது பதின்மூன்று. அவர்கள் எங்கள் முடி அழகு என்று சொன்னதோடு நிற்கவில்லை, பள்ளியின் நடத்தை விதியில் இருந்த முடி பற்றிய பகுதியை நிறுத்திவைக்க வைத்தார்கள். 2019இல் கலிஃபோர்னியா மாநிலம், இயற்கையான முடிக்காகவோ சடைபின்னலுக்காகவோ பள்ளியிலும் வேலையிலும் ஒருவரை ஒதுக்கக்கூடாது என்று ‘கிரவுன்’ சட்டம் இயற்றியது. பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. டெக்சாசில் அந்தச் சட்டம் வந்த பிறகும் டேரில் ஜார்ஜ் என்ற மாணவனைப் பள்ளி மாதக்கணக்கில் வகுப்பிலிருந்து விலக்கிவைத்தது. சட்டம் முடியின் தன்மையைச் சொல்கிறது, நீளத்தைச் சொல்லவில்லை என்று 2024 பிப்ரவரியில் நீதிமன்றமும் பள்ளியின் பக்கம் நின்றது. எழுதும்போது விட்டுப்போன ஒரு சொல்லின் வழியாகக் கத்தரி திரும்ப உள்ளே வந்துவிட்டது. நாம் மனு எழுதும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

கறுப்பின மக்களுக்கும் நமக்கும் இன்னொரு விசித்திரமான தொடர்பு இருக்கிறது. திருப்பதியில் இறக்கிய முடி ஏலத்துக்குப் போய், சுத்தம் செய்யப்பட்டு, அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் தங்கள் சுருளை மறைத்துக்கொள்ளத் தைத்துக்கொள்ளும் முடியாகிறது. கிறிஸ் ராக் 2009இல் எடுத்த ‘குட் ஹேர்’ ஆவணப்படத்தில் இந்தப் பயணம் வருகிறது. ‘நல்ல முடி’ என்று அங்கே பெயர். எங்கள் தெருப் பெண்களும் வேண்டிக்கொண்டு அந்த மலையில் மொட்டை போட்டு வருகிறார்கள். கடல் கடந்தால் நல்ல முடி, பள்ளி வாசலில் பரட்டை.

சட்டம் நம் பக்கம் எவ்வளவு இருக்கிறது? 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(e) பிரிவு, பட்டியல் சாதியினரை வலுக்கட்டாயமாக மொட்டையடிப்பதையும் மீசையை எடுப்பதையும் பெயர் சொல்லிக் குற்றமாக்குகிறது. அந்தச் சொற்கள் சும்மா வரவில்லை. குஜராத்தின் லிம்போதராவில் 2017இல் மீசை வைத்ததற்காகத் தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டதும், அதன்பின் பலர் மீசையைத் தங்கள் வாட்ஸ்அப் படமாக வைத்ததும் நமக்குத் தெரியும். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்கிறது, ஆனால் அந்தச் சட்டத்தில் குழந்தை என்றால் பதினான்கு வயது வரைதான். என் அண்ணன் மகனுக்குப் பதினாறு.

நாங்குநேரியில் 2023இல் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய பிறகுதான் நீதிபதி சந்துரு குழு அமைந்தது. கையில் கட்டும் சாதிக் கயிறுகளைத் தடைசெய்ய அது பரிந்துரைத்தது. அந்தக் கயிறுகள் எத்தனை வருடமாக வகுப்பறையில் இருந்தன? அதைப் பார்க்காத கண்ணுக்குக் காதுக்கு மேலிருந்த கோடு மட்டும் எப்படித் தெரிந்தது?

ஆசிரியர்களை எதிரியாக்க நான் பேசவில்லை. அறுபது பையன்களை ஒற்றை ஆளாகச் சமாளிக்கிற ஆசிரியைகளை எனக்குத் தெரியும். சில பையன்கள் தொல்லை தருகிறார்கள் என்பதும் உண்மை. தொல்லையைக் கண்டியுங்கள். முடியை விடுங்கள்.

நம் வீட்டிலும் வேலை இருக்கிறது. பரட்டை என்ற சொல்லை முதலில் எனக்குச் சொன்னது ஆசிரியை அல்ல, என் பாட்டி. பெண் பார்க்கப் போகும்போது முடி நீளமா, நேரா என்று கேட்கிறவர்கள் இந்த அரங்கிலும் இருக்கிறீர்கள்.

நான் கையெழுத்திட்ட அந்தத் தாளைத் திரும்பக் கேட்டு எழுதியிருக்கிறேன். கூடவே ஒரு மனு. முடி பற்றிய விதி ஏதாவது இருந்தால் அதை எழுத்தில் தர வேண்டும். நீளம், தன்மை, வெட்டு எதற்காகவும் எந்தப் பிள்ளையையும் வகுப்புக்கு வெளியே நிறுத்தக் கூடாது. பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதலும் பிள்ளையின் சம்மதமும் இல்லாமல் யாரும் தலையில் கத்தரி வைக்கக் கூடாது. விதியை எழுதும் கூட்டத்தில் மாணவர்களும் உட்கார வேண்டும். இவ்வளவுதான், ஒரு பக்கம். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. நம் தெருப் பெண்கள் பலர் அதில் உறுப்பினர்கள், கூப்பிடும்போது போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். இங்கே எத்தனை பேர் என்று கை தூக்கச் சொல்லவில்லை. மனுவின் நகல்கள் வாசலில் புத்தக மேசையில் இருக்கின்றன. அண்ணன் மகன்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறான். முடி திரும்ப வளர்ந்துவிட்டது, பார்த்தால் தெரியும்.