விருந்தாளிகளைச் சித்திர சபைக்கும் கூட்டிப் போங்கள்

(நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சீசன் வந்துவிட்டால் நம் குடியிருப்பில் விருந்தாளி இல்லாத வீடே கிடையாது. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று சுற்றிக் காட்டுகிறோம். பார்டர் புரோட்டா வாங்கிக் கொடுத்து ரயிலேற்றி விடுகிறோம். குற்றாலநாதர் கோயிலுக்குச் சற்றுத் தள்ளித் தனியாக நிற்கும் சித்திர சபையை எத்தனை பேருக்குக் காட்டியிருக்கிறோம்?

நடராசருக்கு ஐந்து சபைகள் என்பது உங்களுக்குத் தெரியும். திருவாலங்காட்டில் இரத்தின சபை, சிதம்பரத்தில் பொற்சபை, மதுரையில் வெள்ளி சபை, நெல்லையில் தாமிர சபை, நம் குற்றாலத்தில் சித்திர சபை. இங்கே மட்டும் அவர் சுவரில் தீட்டிய ஓவியமாக இருக்கிறார். சுற்றுச் சுவர்களிலும் புராணக் காட்சிகள்தான். மார்கழித் திருவாதிரையன்று தாண்டவ தீபாராதனை நடப்பதும் இங்கேதான்.

இராமநாதபுரம் அரண்மனையில் இராமலிங்க விலாசம் என்று ஒரு மண்டபம் உண்டு. சேதுபதிகள் காலத்துச் சுவரோவியங்கள் நிறைந்தது. அந்த மண்டபத்தைத் தமிழ்நாடு தொல்லியல் துறை அருங்காட்சியகமாகவே வைத்திருக்கிறது. அங்கே போகிறவர்கள் அருங்காட்சியகம் என்று தெரிந்தே, கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறார்கள். நம் சித்திர சபையும் அப்படிப்பட்ட சித்திரக் கூடம்தான். ஆனால் வழிபாடு நடக்கும் இடம். அதனால் அங்கே எச்சரிக்கை நமக்கே வேண்டும்.

கற்சிலையில் எண்ணெய் பட்டால் துடைத்துவிடலாம். சுவரோவியம் சுண்ணாம்புப் பூச்சின் மேல் நிற்கிறது. எண்ணெய் பட்டால் பூச்சுக்குள் இறங்கிவிடும். துடைத்தால் வண்ணமும் சேர்ந்து வந்துவிடும். ஈரம் ஏறினால் உப்புப் பூத்துப் பூச்சே உதிரும். குற்றாலத்தில் எண்ணெய்க்கும் ஈரத்துக்கும் பஞ்சமா? எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நின்றுவிட்டு, சொட்டச் சொட்ட வருகிறவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். உதிர்ந்த இடத்தில் யாராவது திரும்ப வரைந்தாலும் அது புதுப் படம்தான், பழைய ஓவியரின் கை அதில் இருக்காது.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்கள்:

1. குளித்துத் தலை துவட்டி, உலர்ந்த உடையோடு போங்கள்.

2. குழந்தைகள் சுவரில் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். திருநீறு, குங்குமத்தை நாமும் சுவரில் தடவ வேண்டாம்.

3. சுவரில் நீர்க்கசிவோ புதிய கீறலோ கண்டால் கோயில் அலுவலகத்தில் உடனே சொல்லிவிடுங்கள்.

4. தாத்தா பாட்டிகளை அவசியம் அழைத்துப் போங்கள். எந்தப் படம் எந்தக் கதை என்று பேரப்பிள்ளைகளுக்கு அவர்கள்தான் சொல்ல முடியும்.

சீசன் கூட்டம் குறைந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாம் எல்லோரும் சேர்ந்தே போய் வரலாம். வர விரும்புவோர் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.