ஒரே பட்டையில் பல தட்டுகள்

அச்சகம் ஒன்றின் மூலையில், 1990-களின் தொடக்கத்தில் வாங்கிய மாகிண்டாஷ் கணிப்பொறி ஒன்று கிடக்கிறது எனக் கொள்வோம். உள்ளூர்த் தமிழ்ச் சங்க மலர்களின் பக்கங்கள் எல்லாம் அதன் வன்தட்டில் உள்ளன; வேறு பிரதி கிடையாது. அத்தட்டைக் கழற்றி, பிற்கால ஸ்கஸி அட்டையில், அங்கு முன்னரே ஓடும் விரைவான தட்டோடு சேர்த்துப் பூட்டலாமா? மெதுவானது சேர்ந்தால் விரைவானதும் தளர்ந்துவிடுமே என்று அஞ்சுவோர் உண்டு.

அந்த அச்சம் பாதி மெய், பாதி பொய். 1986-இல் தர நிர்ணயம் பெற்ற ஸ்கஸி முறையில், அட்டையையும் சேர்த்து எட்டுச் சாதனங்கள் ஒரே கம்பிப் பட்டையில் வாழலாம். பின்வந்த அகலப் பட்டையில் பதினாறு. ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும். 7 வழக்கமாக அட்டைக்கு உரியது. வேகத்தைப் பொறுத்தவரை ஒவ்வொரு சாதனமும் அட்டையோடு தனித்தனியே உடன்பாடு செய்துகொள்கிறது. ஆகவே விநாடிக்கு 5 மெகாபைட் தரும் தட்டின் அருகே 40 தருவது தன் வேகத்திலேயே ஓடும். மெதுவானது பேசும் நேரம் மட்டும் மற்றது காத்திருக்க வேண்டும்.

ஆனால் மின் குறிப்பு முறை அப்படியன்று; அது பட்டை முழுமைக்கும் பொது. 1990-களின் பிற்பகுதியில் வந்த எல்.வி.டி. தட்டுகளுக்கிடையே பழைய ஒற்றைமுனைத் தட்டு ஒன்று நுழைந்தால், எல்லாமே பழைய முறைக்கு இறங்கிவிடும். 160 மெகாபைட் தட்டும் 40-ஐத் தாண்டாது. 12 மீட்டர் வரை செல்லத்தக்க கம்பி 3 மீட்டருக்குள், சில சமயம் அதிலும் குறைவாக, அடங்க வேண்டும். நேற்று ஒழுங்காக ஓடியது இன்று பிழை காட்டுவது இதனால்தான். அட்டையில் இரண்டாம் தடம் இருப்பின் பழையதை அதில் இடுவதே வழி.

எச்.வி.டி. என்னும் உயர் அழுத்த வகையை மட்டும் இவற்றுடன் சேர்க்கவே கூடாது, மின்சுற்றே கருகக்கூடும். இணைப்பருகே உள்ள குறியில் ‘டிஃப்’ என்ற எழுத்துகள் இருந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

டெர்மினேட்டர் பட்டையின் இரு கோடிகளில் மட்டுமே இருக்க வேண்டும். பழைய தட்டின் உடலிலேயே அது பொருத்தப்பட்டிருக்கும். தட்டு நடுவில் அமர்ந்தால் அதைக் கழற்றுக. 50 முள் தட்டை 68 முள் பட்டையின் கோடியில் பூட்டினால், மேல் எட்டுக் கம்பிகள் முடிவின்றித் தொங்கும். கோடியில் தனி டெர்மினேட்டர் இடுவதே நலம்.

மலர்ப் பக்கங்கள் உள்ள தட்டாயின், முதலில் அதைத் தனியே ஒரு தடத்தில் பூட்டி, எதையும் எழுதாமல், முழுப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பிற தட்டுகளோடு சேர்ப்பது அதற்குப் பிறகு.