நம் கடைச் சரக்கில் யாருடைய கூலி பாக்கி?

(அறந்தாங்கியில் ஜவுளி வியாபாரிகளும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நோன்புப் பெருநாளுக்குச் சரக்கு எடுக்கும் நேரம் இது. உங்களில் பாதிப் பேர் இந்த வாரமே திருப்பூர் பஸ் ஏற வேண்டியவர்கள். எனவே நீட்டி முழக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

நானும் ரெடிமேட் கடை வைத்திருப்பவன்தான். 2012ஆம் ஆண்டு ஒரு மாலை நேரம், ஆவுடையார்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா கடைக்கு வந்தார். பழைய வாடிக்கை. மகளுக்கு ஒரு சுடிதார் வேண்டும், பணம் அறுப்புக்குப் பிறகு தருகிறேன் என்றார். "உங்க மகதான் மில்லுக்குப் போகுதே, பணம் வந்திருக்குமேம்மா?" என்று கேட்டுவிட்டேன். அப்போதுதான் கதை வெளியே வந்தது.

மூன்று வருடம் முடித்தால் முப்பதாயிரம் ரூபாய் மொத்தமாகக் கிடைக்கும், கல்யாணத்துக்கு ஆகும் என்று ஏஜெண்ட் சொல்லி அழைத்துப் போயிருக்கிறார். இரண்டு வருடம் ஏழு மாதம் கழிந்த நிலையில் பெண்ணுக்கு உடம்பு முடியாமல் போய் ஊருக்குத் திரும்பி வந்துவிட்டது. தவணை முடியவில்லை, பணம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். தகப்பனார் மூன்று முறை போயும் வாசல் காவலாளியைத் தாண்டி உள்ளே போக முடியவில்லை. "இன்னும் அஞ்சு மாசம் பல்லக் கடிச்சிருந்தா கெடச்சிருக்கும் பாய்" என்று அந்த அம்மா மகளைத்தான் குறை சொன்னார். அந்த மில்லின் பெயரை நான் இங்கே சொல்லப் போவதில்லை. ஒரு மில்லோடு முடிகிற விவகாரமாக இருந்தால் இந்தக் கூட்டமே தேவையில்லை.

அவர் போன பிறகு கல்லாவில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நாம் வியாபாரிகள், கணக்கு நமக்குப் புரியும். முப்பதாயிரத்தை 36 மாதத்தால் வகுத்தால் மாதம் 833 ரூபாய். அந்தப் பெண் உழைத்தது 31 மாதம். 25,800 ரூபாய்க்கு மேல் அவளுக்குச் சேர வேண்டியது. அதைப் பரிசு, போனஸ், கல்யாண உதவி என்று எந்தப் பெயரில் அழைத்தால் என்ன? மாதா மாதம் கையில் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலிதானே அது! வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுத்துவிடச் சொன்ன மார்க்கத்தைச் சேர்ந்த நமக்கு இதற்கு விளக்கம் தேவையா?

சகோதரர்களே! இதற்குச் சூட்டப்பட்ட பெயர் 'சுமங்கலித் திட்டம்'. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பகுதி நூற்பாலைகளுக்கு வானம் பார்த்த பூமியான தென் மாவட்டங்களிலிருந்து பெண் பிள்ளைகளை ஏஜெண்டுகள் திரட்டினார்கள். நம் மாவட்டத்துக் கிராமங்களும் தப்பவில்லை. ஆலை வளாகத்துக்குள்ளேயே விடுதி. எட்டு மணி நேர வேலை பன்னிரண்டு மணி நேரமாக நீளும். வெளியே போக அனுமதி இல்லை. லீவு எடுத்த நாட்களைத் தவணை முடிவில் சேர்த்து உழைத்துக் கொடுக்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் மூலம் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட மாவட்டம் இது. அந்தத் தாய்மார்களின் பிள்ளைகளை விடுதிக் கதவுக்குள் பூட்டி வைத்தார்கள்!

2011 மே மாதம் நெதர்லாந்தின் 'சோமோ' என்ற ஆய்வு நிறுவனமும் இந்தியா பற்றிய மற்றொரு டச்சு அமைப்பும் சேர்ந்து இதை அறிக்கையாக வெளியிட்டன. இந்த நூலும் துணியும் எந்தெந்த ஐரோப்பிய, அமெரிக்க பிராண்டுகளுக்குப் போகின்றன என்று பெயர் சொன்னார்கள். உலகம் கொஞ்சம் அதிர்ந்தது. கம்பெனிகள் ஆய்வாளர்களை அனுப்பின. 2014இல் அதே அமைப்புகள் ஐந்து ஆலைகளைச் சேர்ந்த 150 தொழிலாளிகளிடம் பேசியபோது, தொல்லைகள் தீர்ந்தபாடில்லை. 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை சுமார் நூறு பெண்களிடம் விசாரித்தது. மாதவிலக்கு வலி என்று சொன்னால் பெயரும் தேதியும் இல்லாத மாத்திரையைக் கொடுத்து மறுபடியும் மெஷினுக்கு அனுப்பினார்கள் என்றே எல்லோரும் சொன்னார்கள்.

ஏன் தீரவில்லை? பிராண்ட் கம்பெனிக்காரன் வந்து பார்ப்பது தையல் நடக்கும் யூனிட்டை. அங்கே விளக்கு எரியும், காற்று வரும், தீயணைப்புக் கருவி தொங்கும். ஆனால் நூல் எங்கிருந்து வந்தது? நூற்பாலை, நிட்டிங், சாயம், தையல் என்று நாலு கை மாறி வரும் சரக்கில் முதல் கையை யாரும் பார்ப்பதில்லை.

"அது லண்டன்காரன் கவலை, நமக்கென்ன?" என்கிறீர்களா? காதர்பேட்டையில் நாம் அள்ளி வருவது என்ன? எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்! வெளிநாட்டு ஆர்டரில் மிஞ்சியது, கழித்துக் கட்டியது. லேபிளை வெட்டிவிட்டுக் கொடுப்பார்கள். அங்கே கண்ணாடிக் கடையில் தொங்கும் அதே டீ-ஷர்ட்தான் நம் கடையில் பெருநாளைக்கு விற்கிறது. இதில் நம் பையன்கள் வேறு, வெட்டிய இடத்தில் டூப்ளிகேட் லேபிள் இருந்தால்தான் வாங்குகிறார்கள்!

இளைஞர்களே, உங்களுக்குப் புறக்கணிப்பு புதிதல்ல. கைக்கூலி வாங்கும் கல்யாணத்தில் பிரியாணி சாப்பிட மாட்டோம் என்று பந்தலை விட்டு எழுந்து வந்தவர்கள் நீங்கள். அந்தக் கைக்கூலிதான் இந்த மில்லுக்கும் தூண்டில் புழு. வரதட்சணை இல்லாவிட்டால் 'சுமங்கலி' என்ற பெயரே பலித்திருக்காது. வியாபாரிகளே, உங்களுக்கும் புதிதல்ல. ஜல்லிக்கட்டுப் போராட்டத்தைத் தொடர்ந்து 2017 மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்க மாட்டோம் என்று தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அறிவிக்கவில்லையா? அது எத்தனை நாள் நின்றது என்பது வேறு கதை, அதை நம் கடைப் பிரிட்ஜைத் திறந்தால் தெரிந்துகொள்ளலாம். ஆனால் கடைக்காரன் சேர்ந்து சொன்னால் பன்னாட்டுக் கம்பெனியும் திரும்பிப் பார்க்கும் என்பது தெரிந்தது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவது இந்த விஷயத்தில் பாவத்தில் போய் முடியும். வங்காளதேசத்தில் நடந்ததைக் கேளுங்கள். குழந்தைகள் தைத்த துணியை இறக்குமதி செய்யக் கூடாது என்று அமெரிக்காவில் ஒரு மசோதா வந்தது. சட்டமாகக்கூட ஆகவில்லை. அந்தப் பயத்திலேயே 1993இல் சுமார் 50,000 சிறுவர் சிறுமியரை ஆலைகள் வெளியே தள்ளின. பள்ளிக்கூடத்துக்கா போனார்கள்? பலர் கல் உடைக்கப் போனார்கள், தெருவுக்குப் போனார்கள், அதைவிடக் கேவலமான இடங்களுக்கும் போனார்கள் என்று யுனிசெஃப் எழுதியது. 1995இல் முதலாளிகள் சங்கமும் யுனிசெஃபும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் உட்கார்ந்து, படிப்புக்கும் உதவித்தொகைக்கும் ஏற்பாடு செய்த பிறகுதான் கொஞ்சமாவது சரியானது.

அதே நாட்டில்தான் 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா இடிந்தது. முதல் நாளே சுவரில் விரிசல். கீழ்த்தளத்து வங்கி ஊழியர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டது. தையல் தொழிலாளர்களை மட்டும் மிரட்டி மேலே ஏற்றினார்கள். 1,134 பேர் மரணம். செத்தவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். கட்டட உரிமையாளரும் முஸ்லிம். அநியாயக்காரன் நம் ஆள் என்பதற்காக அங்கே அநியாயம் குறைந்துவிட்டதா?

அப்படியானால் என்னதான் செய்வது? திண்டுக்கல்லில் ஒரு வழி காட்டியிருக்கிறார்கள். அங்கே ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த தலித் இளம்பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கையெழுத்தானது. எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய பிராண்டுகளும் அதற்குள் வந்தன. தொழிலாளிப் பெண்களிலிருந்தே கண்காணிப்பவர்கள் இருப்பார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. ஆலை வாக்கு மீறினால் வியாபாரத்தில் அதற்கு விலை கொடுக்க வேண்டும். கவனியுங்கள்! ஆர்டரை வெட்டிக்கொண்டு ஓடிப்போ என்று பிராண்டுகளிடம் அந்தப் பெண்கள் கேட்கவில்லை. இங்கேயே நின்று, உன் ஆர்டரை வைத்து எங்களுக்கு நியாயம் வாங்கிக் கொடு என்றார்கள்.

நம் கையிலும் ஆர்டர் இருக்கிறது. சிறிய ஆர்டர்தான். நான் தனியாகப் போய், "இது எந்த மில் நூல், அங்கே விடுதியில் பிள்ளைகள் இருக்கிறார்களா, சம்பளம் மாதா மாதம் கொடுக்கிறார்களா?" என்று காதர்பேட்டையில் கேட்டேன். மொத்த வியாபாரி சிரித்தார். "பாய், ரேட்டைக் கேளுங்க, ஜாதகத்தைக் கேக்காதீங்க" என்றார். மறு தடவையும் கேட்டேன். மூன்றாம் தடவை, தெரிந்த ஆளிடம் விசாரித்துச் சொல்கிறேன் என்றார். ஒரு கடைக்காரனுக்கே இவ்வளவு என்றால், அறந்தாங்கி, புதுக்கோட்டை, கோட்டைப்பட்டினம், மீமிசல் கடைகள் ஒரே கேள்வியைக் கேட்டால்? பதில் சொல்கிறவரிடம் கூட வாங்குவோம், பீஸுக்கு இரண்டு ரூபாய் அதிகமானாலும் சரி. பதில் சொல்ல மறுப்பவரிடம் குறைத்துக்கொள்வோம், காரணத்தையும் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுக் குறைப்போம்.

இன்னொன்று. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். கடையில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. இங்கே வந்திருக்கும் எத்தனை பேர் கடையில் ஸ்டூல் போட்டிருக்கிறீர்கள்? என் கடையிலும் சட்டம் வந்து எட்டு மாதம் கழித்துத்தான் போட்டேன். நம் சேல்ஸ் பெண் ராத்திரி ஒன்பது மணிக்கு வீங்கிய காலோடு வீட்டுக்குப் போகும்போது, மில்காரனைக் கேள்வி கேட்க நமக்கு வாய் வருமா? சம்பளத்தில் அட்வான்ஸ் என்று பிடிப்பது, பெருநாள் வரை நிறுத்தி வைப்பது எல்லாம் நம் கணக்குப் புத்தகத்திலும் இருக்கிறது. அதை முதலில் தீர்த்துவிட்டு வாருங்கள்.

வரும் திங்கட்கிழமை இரவு நானும் இரண்டு கடைக்காரர்களும் திருப்பூர் போகிறோம். மொத்த வியாபாரிகளிடம் கொடுக்க ஒரு கடிதம் தயாராக இருக்கிறது. அதில் கடை முத்திரையோடு கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் இஷா தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் திண்ணைக்கு வந்துவிடுங்கள், இன்ஷா அல்லாஹ். முத்திரையை மறக்காமல் எடுத்து வாருங்கள்.

வஸ்ஸலாம்.