ஓய்வு பெற்ற பிறகு என்று தள்ளாதீர்கள்

பிரான்சு வாழ் புதுச்சேரி உறவுகளே, உத்தியோகத்தை எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கும் வழக்கம் நமக்கு நேற்று வந்ததல்ல. 1881ஆம் ஆண்டு ஆணையின்படி சமயவழிச் சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்ற நம் முன்னோரில் பலர், சைகோன் வரை போய் அரசு வேலை பார்த்தார்கள். பின்னால் வந்தவர்கள் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, ஊரில் ‘சொல்தா’ என்று பெயர் வாங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சாதி அடைத்து வைத்த கதவைப் பலருக்கு அந்த உத்தியோகம்தான் திறந்தது. அது தேவை. தேவை தீர்ந்த பிறகும் அதே வேகத்தில் ஓடுவதைத்தான் கேள்வி கேட்கிறேன்.

அதன் விலை முதலில் உடம்பில் தெரிகிறது. உலக சுகாதார அமைப்பும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் கூடுதல். உடம்புக்காவது மருத்துவர் இருக்கிறார். பிள்ளை பேச வந்தபோதெல்லாம் ‘அப்புறம்’ என்று தள்ளிய வருடங்களை எந்த ஓய்வூதியமும் திருப்பித் தராது. அதைவிடக் கொடுமை, பதவி உயர்வைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், அதற்காகத் தனிமையைச் சுமப்பவர் வேறொருவர். “எல்லாம் பிள்ளைகளுக்காகத்தானே” என்பார்கள். வாடகையும் படிப்புச் செலவும் தீரும்வரை அந்தப் பதில் செல்லும். இரண்டாவது வீடு வாங்கவும் அதையே சொல்வதானால், பிள்ளையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

“நான் நிதானித்தால் அடுத்தவன் முந்திவிடுவானே” என்பது வலுவான மறுப்பு. அதற்கு விடை நம் ஊர்க் கடலிலேயே இருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போவதில்லை. மீன்வளம் பெருகுவதற்கான தடை அது. நிவாரணம் போதவில்லை என்ற மீனவர்களின் மனக்குறையும் நியாயமானது. ஆனாலும் எல்லோரும் சேர்ந்து நிறுத்துவதால் அங்கே ஒருவரை ஒருவர் முந்துவதில்லை. பிரான்சிலும் 2017 முதல், வேலை நேரம் முடிந்தபின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை தொழிலாளர் சட்டத்தில் இருக்கிறது. தனியாகக் கேட்கத் தயக்கமென்றால் தொழிற்சங்கத்தோடு சேர்ந்து கேளுங்கள். ஓய்வு பெறும்வரை ஊரையும் தள்ளிப்போடாதீர்கள். மாசி மகத்தன்று மயிலம் முருகனும் தீவனூர்ப் பிள்ளையாரும் புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார்கள். ஊரில் தாய் தகப்பன் இருப்பவர்கள், வருகிற மாசிக்கான விடுப்பை இந்த வாரமே எழுதிக் கொடுங்கள்.