மறைக்கப்படும் அறிவும் மறுக்கப்படும் உரிமையே
(ஷாதிபூர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மாற்றுத்திறனாளிகளுக்கு உதவித்தொகை கோரிப் போராடும் இயக்கம், அவர்களது இல்லற வாழ்வைப் பற்றிப் பேசக் கூச்சப்படலாகாது.

சாரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்த கட்டிடத் தொழிலாளிக்குச் சிறுநீர்க்குழாய்ப் பராமரிப்பு கற்பிக்கப்படுகிறது. தாம்பத்தியம் இனி எவ்வாறு, குழந்தை பிறக்குமா என்ற அவரது வினாக்களுக்குப் பெரும்பாலும் மௌனமே விடை. உணர்ச்சி குன்றிய உடலிலும் ஆசை அழிவதில்லை. முதுகுத்தண்டு பாதிக்கப்பட்ட பெண் கருத்தரிக்க இயலும். ஆணுக்கும் மருத்துவ வழிகள் உண்டு. ஆனால், முதுகின் மேற்பகுதியில் காயமுற்ற பெண்ணுக்குப் பிரசவத்தின்போது இரத்த அழுத்தம் திடீரென உயரக்கூடும். அங்கே அறியாமை உயிரையே பறிக்கும்.

இது சலுகையன்று. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 10, இனப்பெருக்கம், குடும்பக் கட்டுப்பாடு குறித்த தகவல் அவர்களுக்குக் கிடைக்கச் செய்வதை அரசின் கடமையாக்குகிறது. விவரமறிந்த சம்மதமின்றி மலடாக்கும் சிகிச்சையைத் தடை செய்கிறது.

அந்தமானுக்குச் சட்டமன்றம் கிடையாது. ஒன்றிய அரசே நேரடியாக ஆள்கிறது. பொறுப்பை வேறெவர் மீதும் தள்ளிவிட முடியாது. சுகாதார நிலையந்தோறும் சாய்தளம், பயிற்சி பெற்ற ஆலோசகர், பிரெய்ல் ஏடு, சைகைமொழி விளக்கம் ஆகியவற்றைக் கிளைகள் கோர வேண்டும். அக்கோரிக்கையை மாற்றுத்திறனாளித் தோழர்களே முன்னின்று வகுக்கட்டும்!