காசளவு மின்கலமும் காணாமற்போன திகதியும்



இலக்கிய நிகழ்ச்சியிலே கணனியின் மின்கலத்தைப் பற்றி இவர் ஏன் பேச வந்தார் என்று நீங்கள் நினைக்கலாம். நான் தமிழ் கற்பிக்கும் ஆசிரியன், பொறியியலாளன் அல்லன். ஆனால், ஒரு நாட்டார் கவியின் வரலாற்றில் ஒரு துண்டை அந்த மின்கலம் என்னிடமிருந்து பறித்துக்கொண்டது. அதனாலேயே பேச வந்தேன்.

2022 ஆம் ஆண்டின் முற்பகுதி. சம்மாந்துறையைச் சேர்ந்த என் ஆசிரிய நண்பர் ஒருவர் தம்முடைய மூத்தம்மாவிடம் என்னை அழைத்துச் சென்றார். எண்பது வயதைக் கடந்தவர். நான்கடிக் கவிகளை ஒன்றன்பின் ஒன்றாக நினைவிலிருந்து சொல்லிக்கொண்டே போனார். நான் தாளிலே கிறுக்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கணனியில் தட்டச்சுச் செய்ததும் தாள்களை எறிந்துவிட்டேன். கணனிதான் ஒவ்வொரு கோப்புக்கும் திகதி போட்டு வைக்கிறதே என்ற துணிவு!

சில வாரங்களின் பின் மீண்டும் போனபோது அவர் சொன்னார்: "மகன், அண்டைக்கு நான் சொன்ன கவியில ஒரு சொல்லு பிழைச்சுப் போச்சு. இப்ப சொல்றதுதான் சரி." அதையும் எழுதி வந்து தனிக் கோப்பாகச் சேமித்தேன்.

மறுவருடம் அவர் காலமானார். தொகுப்பை ஒழுங்குபடுத்த அமர்ந்தபோது அந்தக் கவி இரண்டு கோப்புகளில் இருந்தது. மூன்றாம் அடியிலே ஒரு சொல் மட்டும் வேறு. எது முதலிற் சொன்னது, எது திருத்திச் சொன்னது? எனக்கு நினைவில்லை. கோப்புகளின் திகதியைப் பார்த்தேன். இரண்டிலும் 2009 ஜனவரி முதலாந் திகதி. கணனியை நான் வாங்கியதே 2011 இல்தான்!

சம்மாந்துறையில் கணனி திருத்தும் இளைஞர் ஒருவரிடம் கொண்டுபோனேன். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "சேர், கணனிக்கு ஒண்டுமில்ல. பெற்றரிதான் செத்துப் போச்சு" என்றார்.

நேயர்களே, கணனியின் தாய்ப்பலகையிலே சில்லறைக் காசைப் போன்ற ஒரு மின்கலம் பதிந்திருக்கிறது. பெரும்பாலும் அதன்மேல் சி.ஆர். 2032 என்று பொறித்திருக்கும். விட்டம் 20 மில்லிமீற்றர், தடிப்பு 3.2 மில்லிமீற்றர் என்பதே அந்த இலக்கத்தின் பொருள். அதன் அழுத்தம் 3 வோல்ற்று. கணனி அணைந்திருக்கும் வேளையில் உள்ளேயிருக்கும் கடிகாரத்தை ஓடவைப்பதே அதன் முதன்மையான வேலை. அக்கடிகாரத்தின் பளிங்கு ஒரு செக்கனுக்கு 32,768 தடவை அதிர்கிறது. அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று வரும். அந்த ஒன்றே ஒரு செக்கன்.

1981 இல் ஐ.பீ.எம். நிறுவனம் வெளியிட்ட கணனியில் இந்த ஏற்பாடு இருக்கவில்லை. இயக்கும்போதெல்லாம் இன்று என்ன திகதி என்று அது மனிதரிடமே கேட்டது. 1984 இல் வந்த அதன் ஏ.ரீ. கணனியிலே மின்கலத்தோடு கூடிய கடிகாரம் உள்ளேயே அமைந்தது. அன்றிலிருந்து கணனி கேட்பதை விட்டது. நாமும் பார்ப்பதை விட்டோம்.

சுவர் ஆளி போட்டிருக்கும்வரை, கணனி அணைந்திருந்தாலும் அதனுட் சிறிதளவு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். அப்போது மின்கலத்துக்கு வேலை குறைவு. மின்சாரம் முற்றாக நின்றால் முழுப் பாரமும் அதன் தலையில் விழுகிறது. 2022 இல் நடந்தது நமக்குத் தெரியும். மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போயிற்று. ஏற்கெனவே கிழடாகிவிட்ட என் மின்கலம் அதைத் தாங்கவில்லை. பழுதாகிவிடும் என்று பயந்து பூட்டி வைக்கப்படும் பாடசாலைக் கணனிகளுக்கும் இதே கதிதான்.

மின்கலம் சோர்ந்தால் திகதி பின்னே போகும். கணனி விழிக்கும்போது கறுப்புத் திரையிலே ஏதோ எச்சரிக்கை காட்டி, ஒரு விசையை அழுத்தும்படி கேட்கும். இணையத்தளங்கள் திறக்க மறுக்கும். அவற்றின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் பிறக்காத காலத்திலே கணனி நிற்கிறது அல்லவா! பழைய கணனிகள் சிலவற்றில் எந்த வன்தட்டிலிருந்து தொடங்குவது என்பதும் மறந்துபோகும். ஆனால், வன்தட்டிலுள்ள எழுத்துக்கள் அழிவதில்லை. இதை அறியாமல் நல்ல கணனிகளை மூலையிற் போட்டவர்கள் உண்டு.

என் கணனியும் பிழையான மணி காட்டியதை நான் கண்டேன். மின்வெட்டின் கோளாறு என்று விட்டுவிட்டேன். இணைய இணைப்பு இருந்திருந்தால் திகதி தானாகவே திருந்தியிருக்கக்கூடும். வீட்டில் அது இருக்கவில்லை. ஒவ்வொரு நாளும் அதற்கு ஜனவரி முதலாந் திகதியாகவே விடிந்தது. ஒரு கோப்பில் 12.20, மற்றதில் 12.45 என்று மணி இருந்தது. 12.45 பிந்தியது என்று கொள்ளலாமா? கொள்ளவே முடியாது. அன்று நான் கணனியின் முன் சற்று அதிகநேரம் இருந்தேன் என்பதைத் தவிர அது வேறொன்றையும் சொல்லவில்லை.

நேரம் குழம்புவது நமக்குப் புதிதல்ல. 1996 மே மாதத்தில் நாட்டின் நேரம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டது. ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே வந்தது. 2006 ஏப்ரலில் மீண்டும் பழைய நிலைக்கு வந்தது. அந்நாளில் ஒருவரையொருவர் "பழைய நேரமா, புதிய நேரமா?" என்று கேட்டுத் தெளிந்தோம். கணனியிடம் நான் அப்படிக் கேட்கவில்லை.

ஏட்டுச்சுவடி எழுதியோர் பலர், படியெடுத்து முடித்த ஆண்டையும் மாதத்தையும் இறுதியிலே குறித்தார்கள். ஆண்டின் பெயர் பிரபவ முதலான அறுபதில் ஒன்றாக இருந்தால், எந்த அறுபது என்று ஆய்வாளர் திண்டாடுவதுண்டு. ஆனாலும் அது உண்மையான குறிப்பு. திகதியே இல்லாத ஏட்டையும் ஐயத்தோடு ஆராயலாம். பொய்த் திகதி தாங்கிய கோப்போ ஐயப்படவே விடாது, பார்த்ததும் நம்பவைக்கும். என் கோப்பு 2009 என்று சொன்னதால் தப்பினேன். 2021 என்று சொல்லியிருந்தால் நம்பியே இருப்பேன்.

ஆகவே, முதியோரிடம் கவியோ கதையோ கேட்டு எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள். எழுதிய நாள், இடம், சொன்னவர் ஆகியவற்றை முதல் வரியிலே நீங்களே எழுதுங்கள். கைப்பிரதியை எறியாதீர்கள். கணனியின் மணி பிந்தினால் மின்கலத்தை மாற்றுங்கள். மின்வடத்தைக் கழற்றிய பிறகே பெட்டியைத் திறக்கவேண்டும். மாற்றியதும் திகதியைச் சரிசெய்யவேண்டும். கழற்றிய மின்கலத்தைச் சிறுவர் கைக்கு எட்டவிடாதீர்கள். விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கக்கூடியது அது. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

என் கணனிக்குப் புதிய மின்கலம் போட்டாயிற்று. இப்போது திகதி சரியாக ஓடுகிறது. ஆனால், அந்தக் கவியின் இரண்டு வடிவங்களையும் அருகருகே எழுதி, "இவற்றுள் ஒன்று சொன்னவரே திருத்தியது, எது என்று தொகுத்தவன் அறியான்" என்று கீழே குறித்திருக்கிறேன். அந்த மூத்தம்மா தம் பிழையை நினைவில் வைத்திருந்து திருத்தித் தந்தார். காப்பாற்றி வைக்க வேண்டியவன் நான்தான் தவறவிட்டேன்.