குழாய்க்குக் காசு உண்டு, மோட்டாருக்கு இல்லையா?



ஐப்பசி மழையில் எங்கள் தெருவில் மேன்ஹோல் மூடியைத் தள்ளிக்கொண்டு சாக்கடை பொங்கியது. ஆத்திரத்தோடு பம்பிங் ஸ்டேஷனுக்குப் போனேன். இரண்டு மோட்டாரில் ஒன்று எரிந்து கிடந்தது. இன்னொன்றின் வாயில் சேலைத் துணியும் நாப்கினும் சுற்றிக்கொள்ள, ஆபரேட்டர் தம்பி டார்ச் வெளிச்சத்தில் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டிருந்தார். "காயில் கட்டக் கொடுத்து இருபது நாளாச்சு ஐயா, பில் பாஸ் ஆகலை" என்றார். எந்த ஸ்டேஷன் என்று சொல்ல மாட்டேன்; அவர் பிழைப்பில் மண் விழக் கூடாது.

அந்த பில் ஏன் பாஸ் ஆகவில்லை? அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

சென்னை தட்டையான ஊர். சாக்கடை தானாக ஓடக் குழாயைச் சரிவாகப் பதிக்கிறோம். போகப் போக அது ஆழத்துக்கு இறங்கிவிடும். அங்கே மோட்டார் வைத்து மேலேற்றி மறுபடி சரிய விட வேண்டும். கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போய்ச் சேரும்வரை இதே பாடுதான். மோட்டார் நின்றால் நம் வாசலில் பொங்கும், அல்லது கூவம் ஆற்றில் விழும். 2011இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. சேர்ந்த பகுதிகளில் புதுக் குழாய் பதிக்கக் கடன் கிடைக்கிறது, மானியம் கிடைக்கிறது, கல்வெட்டில் பெயரும் கிடைக்கிறது. அதற்கப்புறம் காலமெல்லாம் வரும் கரண்ட் பில்லுக்கு யார் பொறுப்பு?

இந்தப் பொறுப்பைத் தனியாரிடம் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். இங்கிலாந்து 1989இல் கொடுத்துப் பார்த்தது. லண்டனின் தேம்ஸ் வாட்டர் இன்று கடனில் தத்தளிக்கிறது. 2025இல் 12 கோடி பவுண்டுக்கு மேல் அபராதமும் விழுந்தது.

காசில்லை என்றதும் முதலில் நிற்பது இயந்திரம். அப்புறம் குழிக்குள் இறக்கப்படுவது மனிதன்! அப்படி இறக்கக் கூடாது என்று 2013இலேயே சட்டம் வந்துவிட்டது. குழிக்குள் செத்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடு என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்பனைப் பறிகொடுத்த பிள்ளையின் முகத்தைப் பார்த்து "பில் பாஸ் ஆகலை" என்று சொல்ல எந்த அதிகாரிக்கு வாய் வரும்?

பணத்துக்கு வழி இருக்கிறது. நாளுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைத் தொழிற்சாலைக்கு ஏற்ற தண்ணீராக்கும் ஆலைகள் 2019இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் வந்தன. அந்த விற்பனைக் காசு முதலில் மோட்டாருக்குப் போகட்டும். பெரிய மால்களிடம் உரிய கட்டணத்தைக் கறாராக வசூலியுங்கள். குடிசை வீட்டில் கை வைக்காதீர்கள். குழாய்க்கு ஒதுக்கும்போதே பத்து வருஷம் அதை ஓட்டும் செலவையும் தனிக் கணக்கில் போட்டுப் பூட்டுங்கள்.

தாய்மார்களே, ஓட்டுக் கேட்டு வருகிறவரை வாசலிலேயே நிறுத்தி, "எங்க ஏரியா பம்பிங் ஸ்டேஷன்ல மாத்து மோட்டார் இருக்கா?" என்று கேளுங்கள். தெரியாது என்றால், போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்!